இரண்டு சபாபதிகள்



1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 14-இல், ஏ.வி. மெய்யப்ப செட்டியாரின் 'சபாபதி' படம் வெளியானது. கதையில் போரே இல்லை. பணக்கார வீட்டில் ஓர் அசட்டுப் பிள்ளை, அவனுக்கு ஓர் அசட்டு வேலைக்காரன், இரண்டு பேருக்கும் ஒரே பெயர். டி.ஆர். ராமச்சந்திரன் எஜமானர் சபாபதி, காளி என். ரத்னம் வேலைக்காரர் சபாபதி.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நிலைமை மாறிவிட்டது. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கால்நடையாகவே வந்து சேர்ந்தார்கள். ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் குண்டு விழவே, சென்னையும் மூட்டை கட்டியது. போர் முடிகிற சமயத்தில் மெய்யப்ப செட்டியாருக்கு ஸ்டூடியோவைக் காரைக்குடிப் பக்கம் அமைக்க வேண்டி வந்தது. 'நாம் இருவர்' படம் அங்கேதான் உருவானது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

'சபாபதி' படத்தைச் சின்ன வயதில் பஞ்சாயத்து டி.வி. முன்னால் மண்ணில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ராமச்சந்திரன் அந்த முட்டைக் கண்ணை உருட்டினாலே போதும், எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். ரத்னம் வாயே திறக்க வேண்டாம், வந்து நின்றால் போதும். அந்தப் பிரியத்தில்தான் போன மாதம் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன்.

என் அண்ணன் மகள் எங்கள் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள். நைட் ஷிப்ட் முடிந்து, தூங்கி எழுந்து வந்திருந்தாள். அரை மணி நேரம் பார்த்தாள், சிரிக்கவில்லை. "இதுல சிரிக்க என்ன இருக்குது சித்தப்பா? வயசுல பெரியவரைப் போயி டேய் டேய்ங்குறான். அவரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு" என்றாள்.

அவள் சொன்னது சரி. ரத்னத்துக்கு அப்போது நாற்பது வயதுக்கு மேல், ராமச்சந்திரனுக்கு இருபத்து சொச்சம். பண்ணையார் வீட்டுப் பையன் பெரியவர்களை 'டேய்' போட்டுக் கூப்பிடுவது அந்தக் காலத்தில் யாருக்கும் உறுத்தவில்லை. படம் எடுத்தவர்களுக்கும் உறுத்தவில்லை. கம்பெனி லைனில் நின்று அதே 'டேய்'யைக் கேட்கிற பெண்ணுக்கு உறுத்தத்தான் செய்யும்.

எதிர்வீட்டுப் பெரியவரும் கூட உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய தொழிற்சங்கத்து ஆள். அவருக்கோ சிரிப்பு தாங்கவில்லை. "இந்த வேலைக்காரன் முட்டாள் இல்லம்மா! சொன்னதைச் சொன்னபடியே செய்யுறான், ஒரு எழுத்து கூடக் குறைய இல்லாம. நாங்க இதைத்தான் விதிப்படி வேலைன்னு போராட்டமாவே பண்ணுனோம். ரூல்படி ஓட்டினா ஒரு ரயிலும் நேரத்துக்குப் போவாது" என்றார்.

அதற்கப்புறம் படம் ஓடியது, ஆனால் யாரும் பார்க்கவில்லை. ரெண்டு பேரும் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். "வீட்டுக்காரன் திட்டுறதைக் கேட்டுக்கிட்டு நிக்கிறது போராட்டமா தாத்தா?" என்று அவள் விடவில்லை.

எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டால், இந்தக் கதையை எழுதியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பம்மல் சம்பந்த முதலியார், 1891-இல் சுகுண விலாஸ சபையைத் தொடங்கியவர், பிற்பாடு நீதிபதியாகவும் இருந்தவர். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டிய நாடக சபை அது. தன் வர்க்கத்துப் பிள்ளைகளைத்தான் அவர் முதலில் கிண்டல் செய்தார். பரீட்சையில் தேறாத எஜமானர் சபாபதியைப் படித்த மனைவி உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். 1941-இல் ஒரு பெண்டாட்டி புருஷனுக்கு வாத்தியாராக இருந்தது சின்ன விஷயம் இல்லை. தமிழ்ப் பண்டிதராக வரும் கே. சாரங்கபாணியைப் பற்றித்தான் எனக்கு முழு சம்மதம் இல்லை. தமிழாசிரியர் என்றாலே கோமாளி என்ற வழக்கத்துக்கு நம் சினிமாவில் அவரும் ஒரு கை கொடுத்திருக்கிறார்.

ஒரே பெயரை இரண்டு பேருக்கும் வைத்ததில்தான் படத்தின் சூட்சுமம். ஒரே அசட்டுத்தனத்தை எஜமானர் செய்தால் குழந்தை மனசு, வேலைக்காரர் செய்தால் மடத்தனம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சொத்து மட்டும்தான். சம்பந்த முதலியார் அதைத் தெரிந்தே செய்தார் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ரத்னம் தெரிந்து நடித்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். நாடகக் கம்பெனியில் வளர்ந்து, பிற்காலத்தில் புகழ்பெற்ற எம்.ஜி.ஆருக்கே நடிப்புச் சொல்லிக்கொடுத்தவர் அவர். சும்மா நிற்கிற ஆள் இல்லை.

பெரியவர் சொன்னது அழகாக இருக்கிறது, ஆனால் என் ஓட்டு அண்ணன் மகளுக்குத்தான். விதிப்படி வேலை செய்ய ரயில்வேக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது. 1941-இல் வீட்டு வேலைக்காரருக்கு எந்தச் சங்கம்? எங்கள் ஊர்ப் பக்கத்தில் சுங்குவார்சத்திரத்தில் 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததும் முக்கியமாகச் சங்க அங்கீகாரம் கேட்டுத்தான். அசடாக நடிப்பது, வேறு வழியே இல்லாதவனின் வழி. அதைப் பார்த்துச் சிரிக்கலாம், போராட்டம் என்று பெயர் சூட்டினால்தான் எனக்கு ஒப்பவில்லை.

அதற்காகப் படத்தை ஒதுக்கிவிடுவேனா என்றால், மாட்டேன். ரத்னம் வந்து நின்றால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

படம் இணையத்தில் கிடைக்கிறது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாவையும் கூப்பிடுங்கள். அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.