கூடத்தில் பறக்கும் ஹெலிகாப்டர்

தலைநகரில் மார்கழியும் தையும் வந்துவிட்டால் பனிமூட்டமும் புகையும் சேர்ந்து குழந்தைகளை வீட்டுக்குள் நிறுத்திவிடுகின்றன. சொந்த ஊரிலாவது முற்றமும் மொட்டை மாடியும் உண்டு. வெளி மாநிலங்களில் அரசாங்கக் குடியிருப்புகளிலும் அடுக்கு வீடுகளிலும் வாழும் நமக்குக் கூடமே மைதானம். அக்கூடத்திற்குள் பறக்கவிடத்தக்க விளையாட்டு ஹெலிகாப்டர் ஒன்றைப் புதிதாகப் பழகுபவருக்கு எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இதைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி, நான் செய்த பிழைதான். என் மகனுக்குப் பத்து வயது நிரம்பியபோது, விலை மிகுந்ததே சிறந்தது என்று எண்ணி, ஆறு சானல்கள் கொண்ட ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கி வந்தேன். மேலெழுந்த சில விநாடிகளிலேயே அது சுவரில் மோதி, விசிறி ஒடிந்து வீழ்ந்தது. பையன் அழவில்லை. “எனக்கு இதெல்லாம் வராது, அப்பா” என்று மட்டும் சொல்லி, ரிமோட்டைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டான். பொருள் உடைந்ததைக் காட்டிலும் அந்தச் சொல்லே என்னை வருத்தியது. குறை அவன் கையில் இல்லை, என் தேர்வில்தான் இருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

ஹெலிகாப்டரின் மேல்விசிறி ஒரு திசையில் சுழலும்போது, அதன் உடல் எதிர்த்திசையில் சுழல முற்படுகிறது. இதைத் தடுக்கவே வாலில் ஒரு சிறு விசிறி அமைகிறது. 1939-ல் இகோர் சிகோர்ஸ்கி அமெரிக்காவில் பறக்கவிட்ட வி.எஸ்.300 இத்தகையதே. மற்றொரு முறையும் உண்டு. ஒரே அச்சில், ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு விசிறிகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்றின் முறுக்கத்தை மற்றொன்று ஈடுசெய்துவிடும். நமது கடற்படையின் காமோவ் 31 இவ்வகையைச் சேர்ந்தது. இந்த இரட்டை விசிறி அமைப்புடைய விளையாட்டு ஹெலிகாப்டர், விசையைச் சீராக வைத்தால், ஏறத்தாழ நின்ற இடத்திலேயே மிதக்கும். பழகுபவருக்கு முதலில் வேண்டுவது இதுவன்றோ!

அடுத்தது சானல்களின் எண்ணிக்கை. ஏறி இறங்க ஒன்று, இடமும் வலமும் திரும்ப ஒன்று, முன்னும் பின்னும் செல்ல ஒன்று. ஆக மூன்று போதும். நான்காவது, பக்கவாட்டில் நகர உதவும். ஆறு சானல் உடையவற்றில் விசிறி அலகுகளின் சாய்வையே மாற்றலாம், தலைகீழாகவும் பறக்கலாம். அது தேர்ந்த கைகளுக்கும் திறந்த வெளிக்கும் உரியது. உடல் திரும்புவதைத் தானே திருத்தும் ஜைரோ என்னும் கருவி இருக்கிறதா என்பதையும் கேட்டறிக.

சில ரிமோட்டுகள் அகச்சிவப்புக் கதிரால் இயங்குகின்றன. இவை விலை குறைந்தவை. எனினும் ஜன்னல் வழியே வெயில் விழுந்தால் தடுமாறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் இயங்குபவற்றுக்கு இக்குறை இல்லை. சுமார் 20 சென்டிமீட்டர் நீளமும் 50 கிராமுக்கு உட்பட்ட எடையும் கொண்டது கூடத்துக்கு ஏற்றது. இலேசானது மோதினாலும் சேதம் குறைவு. மாற்று விசிறிகள் கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இதன் லித்தியம் பாலிமர் பேட்டரி பறக்கவிட ஐந்து முதல் எட்டு நிமிடம் வரையே தாங்கும். பறந்து முடிந்ததும் அதை ஆறவிட்டு, பிறகே சார்ஜ் செய்க. ஆளில்லாத வீட்டில் சார்ஜில் விட்டுச் செல்லலாகாது. உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தலாகாது.

பறக்கவிடுமுன் கூரை மின்விசிறியை நிறுத்துங்கள். தொடக்கத்தில் ஹெலிகாப்டரின் வால் நம்மை நோக்கியே இருக்கட்டும். முகம் நம் பக்கம் திரும்பினால் இடம் வலமாகத் தோன்றி, கை குழம்பும். எதிலேனும் மோதினால், உடனே விசையைக் குறைப்பதே முதல் பாடம்.

பின்னர் அத்தகைய சிறிய ஹெலிகாப்டர் ஒன்றை வாங்கினேன். பையன் அதைத் தொடவில்லை. நானே பறக்கவிட்டேன், திரைச்சீலையில் போய்ச் சிக்கிக்கொண்டது. அவன் சிரித்துவிட்டு, “அப்படி இல்லை அப்பா, இங்கே கொடுங்கள்” என்று கை நீட்டினான். இப்பொழுது அதைச் சாப்பாட்டு மேஜைமேல் பிசகாமல் இறக்குகிறான். சென்ற வாரம் பழைய பெட்டியைத் திறந்து, ஒடிந்த விசிறிக்கு மாற்று எங்கே கிடைக்கும் என்று கேட்டான். இம்முறை அவசரப்படாமல் தேடிக்கொண்டிருக்கிறேன்.