இலங்கையின் மரணக் கணக்கு



பொருநை பாயும் நம் திருநெல்வேலிச் சீமைக்கும் இலங்கைத் தீவுக்கும் பெயரிலேயே ஓர் உறவு உண்டு. நம் ஆற்றுக்குத் தாமிரபரணி என்று பெயர்; அத்தீவின் பழம்பெயர்களுள் ஒன்றும் தாம்பிரபரணியே. கிரேக்கர் அதனைத் தப்ரபேன் என்று திரித்து வழங்கினர். கிறிஸ்துவுக்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி பொறித்த இரண்டாம் பாறைச் சாசனத்தில், சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் நாடுகளிலும், தாம்பிரபரணி வரையிலும், மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்யப்பட்ட செய்தி கூறப்படுகிறது. அப்பெயர் ஆற்றைக் குறிக்குமா தீவைக் குறிக்குமா என்று ஆராய்ச்சியாளர் வாதிட்டதுண்டு. தீவே என்பது பெரும்பாலோர் கொள்கை. நமக்கு அவ்வழக்கில் தீர்ப்புக் கூறவேண்டுவதில்லை. நோயும் மருந்தும் பற்றிய அத்தனை பழைய பேச்சு ஒன்றில் இவ்விரண்டனுள் எதைக் கருதினாலும் பொருந்துகிறது என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அத்தீவில் மக்கள் எதனால் இறந்தார்கள், இன்று எதனால் இறக்கிறார்கள் என்பது. சாவைப் பற்றி வானொலியிற் பேசுவது அமங்கலம் என்று கருதும் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். பல்லாண்டுகள் பள்ளியில் கணக்குக் கற்பித்தவன் நான். எண்களில் மங்கலம், அமங்கலம் என்ற பாகுபாடு இல்லை.

கணக்கு இருந்தால்தானே பேச முடியும்? இலங்கையில் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்யும் சட்டம் 1867-ல் வந்தது. முதல் குடிக்கணக்கு 1871-ல் எடுக்கப்பட்டது. அன்று முதல் தொடர்ந்து எழுதப்பட்டு வரும் ஏடு அவர்களுடையது. நம் சென்னை மாகாணத்தில் 1899-ல் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. கிராம முன்சீபே இங்கு ஜனன மரணக் கணக்கை எழுதினார். அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். எனவே, மரணத்தின் காரணம் என்ற கட்டத்தில் 'காய்ச்சல்' என்ற ஒரே சொல்லை வரிக்கு வரி எழுதிக்கொண்டு போனார். மலைக்காய்ச்சலா, விஷக்காய்ச்சலா, சூதிகைக் காய்ச்சலா என்று அறிய வழியில்லை. பிறந்த தேதியோ இன்னும் வேடிக்கை. பள்ளிச் சேர்க்கை ஏடுகளைப் புரட்டிப் பார்த்தால், நம் நாட்டுக் குழந்தைகளிற் பெரும்பகுதியினர் மே மாதத்திலும் ஜூன் மாதத்திலுமே பிறந்ததாகத் தோன்றும். பள்ளி திறக்கும் நாளுக்கு ஏற்பத் தேதி அமைந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இலங்கையின் ஏட்டில் மறக்கவொண்ணாத பக்கம் 1934, 35-ஆம் ஆண்டுகளுக்கு உரியது. அத்தீவின் வடக்கும் கிழக்கும் வறண்ட பகுதிகள். அங்கு மலேரியா நெடுங்காலக் குடி. அடிக்கடி காய்ச்சல் கண்டு கண்டு, பிழைத்தவர் உடம்பில் ஓரளவு எதிர்ப்பு வலிமை ஏற்பட்டிருந்தது. தென்மேற்குப் பகுதியோ மழை வளம் மிக்கது. அங்கு ஆறுகள் எப்போதும் கரை நிறைய ஓடுவதால் கொசுவின் முட்டையும் புழுவும் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படும். 1934-ல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஓடிய ஆறு நின்று, மணலிடையே சிறுசிறு குட்டைகளாயிற்று. தெளிந்த நீரும் வெயிலும் உள்ள அத்தகைய குட்டைகளையே மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவினம் நாடி முட்டையிடுகிறது. கேகாலை, குருநாகல் பகுதிகளில் அவ்வாண்டின் இறுதியில் காய்ச்சல் தீப்போல் பரவிற்று. எதிர்ப்பு வலிமை என்பதை அறியாத உடம்புகள். போதாக்குறைக்கு, உலக வணிக மந்தத்தால் தேங்காய் விலையும் கூலியும் வீழ்ந்து, வயிறு ஒட்டிய குடும்பங்கள். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அன்று தீவின் மொத்த மக்கட்டொகை அரைக் கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. 1935-ல் ஆயிரம் பேருக்கு 36 பேருக்கு மேல் இறந்தனர். பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 263 முதலாண்டு நிறைவதற்கு முன்பே மறைந்தன. நான்கில் ஒன்றுக்கும் மேல் என்று அதை வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்நாளில் சூரியமலர் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து சிற்றூர்களுக்குச் சென்றனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க நோயாளிகளைக் கவனித்தார். பிற்காலத்தில் நிதி அமைச்சராக விளங்கிய என். எம். பெரேரா வீடுதோறும் பருப்பு வழங்கியதால் 'பருப்பு மஹத்தயா' என்றே அழைக்கப்பட்டாராம். பருப்பு என்ற நம் சொல் சிங்களத்திலும் பருப்புத்தான். கொயினா மட்டும் போதாது, பசித்த வயிற்றுக்குச் சோறும் வேண்டும் என்பதை அவ்விளைஞர்கள் கண்ணாரக் கண்டனர். இலங்கையின் பிற்கால அரசியலில் இலவச மருத்துவமும் அரிசிப் பங்கீடும் இத்தனை உறுதியாக வேர்கொண்டதற்கு அந்தக் காய்ச்சல் காலமும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

இத்தகைய துன்பம் நம் பக்கமும் நேர்ந்ததுதான். 1809 முதல் 1811 வரை கோயமுத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் கொடிய காய்ச்சல் பரவியதும், அதனை ஆராய வில்லியம் எயின்ஸ்லி முதலானோர் அடங்கிய குழுவைச் சென்னை அரசாங்கம் ஏற்படுத்தியதும் வரலாறு. அக்காலத்தில் கொசுவைப் பொதுவாக ஐயுறவில்லை. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே காரணம் என்று நம்பினர்.

இனி, 1935-ஐ விட வியப்பான மற்றோர் ஆண்டுக்கு வருவோம். 1946-ல் இலங்கையில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு விகிதம், 1947-ல் 14 ஆயிற்று. சிசு மரணம் 141-லிருந்து 101-க்கு இறங்கிற்று. பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை ஆண்டு வாழும் என்ற எதிர்பார்ப்பு 43-லிருந்து 52-க்கு உயர்ந்தது. ஓராண்டில் ஆயுள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு கூடுவது என்பது உலக வரலாற்றிலேயே அரிது. அவ்வாண்டுகளில்தான் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளிக்கும் வேலை தீவெங்கும் பரவிற்று. ஆகவே, எல்லாம் டி.டி.டி.யின் மகிமை என்று பலர் எழுதினர்.

அவ்வளவு எளிதில் முடிவுகட்ட இயலாது என்று பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் மறுத்தனர். மலேரியா மிகக் குறைவாக இருந்த ஊர்களிலும் அதே ஆண்டுகளில் சாவு குறைந்தது ஏன் என்பது அவர்கள் கேள்வி. நல்ல கேள்வி அது. மருந்து தெளித்த காலமும், புதிய மருத்துவமனைகள் எழுந்த காலமும், சல்பா மருந்துகளும் பென்சிலினும் வந்த காலமும், அரிசிப் பங்கீடு நிலைத்த காலமும் ஒன்றே. அவற்றை இழை இழையாகப் பிரித்தெடுப்பது கடினம். பல ஆண்டுகள் வாதம் நடந்து, சாவு குறைந்ததில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மலேரியா ஒழிப்புக்கு உரியதாகக் கணித்தாரும் உண்டு. அதனினும் மிகுதி என்றாரும் உண்டு.

என் கருத்தைக் கேட்டால், டி.டி.டி.க்கு இருபதாண்டு முன்பே வேலை தொடங்கிவிட்டது என்பேன். 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. ஒரு குறித்த வட்டாரத்து மக்கள் அனைவர்க்கும் ஒரு சுகாதார அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதார மருத்துவச்சிகள் என்பது அதன் ஏற்பாடு. கருவுற்ற தாயின் வீட்டுக்கு மருத்துவச்சியே நடந்து சென்றாள். 1945-ல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் கல்வி இலவசமாயிற்று. அதனால் மருத்துவச்சி சொன்னதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பெண் ஒருத்தி ஒவ்வொரு வீட்டிலும் வளர்ந்தாள். இது ஆசிரியன் வாயிலிருந்து வருவதால் ஓரவஞ்சனை என்று நீங்கள் நினைக்கலாம். பரவாயில்லை.

பெண்களின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். இயற்கையில் ஆணை விடப் பெண்ணே சற்று நீண்டு வாழப் பிறந்தவள் என்பது மேனாட்டுக் கணக்குகள் காட்டும் உண்மை. இலங்கையிலோ 1946-ல் ஆணின் ஆயுள் ஏறத்தாழ 44, பெண்ணின் ஆயுள் 42. பிள்ளைப்பேறு பெண்ணைக் கொன்றது. 1930-களின் நடுவில் ஒரு லட்சம் பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950-ல் அது அறுநூறுக்குக் கீழே வந்தது. 1960-களில் பெண்ணின் ஆயுள் ஆணின் ஆயுளை எட்டிப்பிடித்துத் தாண்டிற்று. இன்று லட்சத்துக்கு ஏறத்தாழ முப்பது என்ற அளவில் தாய்மார் மரணம் நிற்கிறது. ஒரு தாய் இறந்தால் அதனை அறிவித்து, ஏன் இறந்தாள், எங்கே தாமதமாயிற்று என்று தனித்தனியே விசாரிக்கும் முறை அங்கு 1980-களிலேயே ஏற்பட்டது. தமிழ்நாட்டிலும் 1990-களில் அத்தகைய முறை வந்தது. அதன் பயனை நம் மாநிலம் இன்று அனுபவிக்கிறது.

ஆனால், எல்லார்க்கும் அப்பயன் ஒருசேரக் கிட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்திலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற தமிழரின் லயன் வீடுகளில் குழந்தைச் சாவு நெடுங்காலம் குறையாமலே இருந்தது. 1974-ல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, தோட்டப்புறத்துச் சிசு மரணம் நாட்டின் சராசரியைப் போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. சராசரி என்ற போர்வை எத்தனை பேரை மறைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மலேரியாவின் பிற்கதையும் கேட்கத்தக்கது. 1963-ல் தீவு முழுவதிலும் 17 பேருக்கே நோய் கண்டது. இனிக் கவலையில்லை என்று மருந்து தெளிப்பதை நிறுத்தினர். 1969-ல் நோயாளிகள் ஐந்து லட்சத்துக்கு மேல்! இந்தியாவிலும் இதே கதைதான். நான் சிறுவனாக இருந்தபோது மருந்து தெளிப்போர் வீட்டுச் சுவரில் தேதியை அச்சுத்தகடு வைத்து எழுதிவிட்டுப் போவார்கள். அந்தத் தேதிகள் நின்றுபோன சில ஆண்டுகளில், 1976-ல், நம் நாட்டில் 64 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது. இலங்கையர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் அப்பணி அறவே நின்றுவிடவில்லை. 2012-க்குப் பின் உள்ளூரில் தோன்றிய மலேரியா இல்லை என்றாகி, 2016-ல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கிற்று. இன்று அங்கு மலேரியாவோடு வருபவர் வெளிநாட்டிலிருந்து திரும்பியவரே. நம் நாட்டிலிருந்து சென்றவரும் அவர்களுள் உண்டு.

போரும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோரை விழுங்கியதும் தனிக் கதைகள். அவற்றை இங்கு விரிக்கவில்லை.

இப்போது அங்கு பத்து மரணங்களில் ஏறத்தாழ எட்டு, தொற்றாத நோய்களால் நேர்கின்றன. இருதய நோய், பக்கவாதம், நீரிழிவு, புற்றுநோய் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அநுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் நெல் விளைக்கும் உழவரை ஒருவகைச் சிறுநீரக நோய் 1990-கள் முதல் வாட்டுகிறது. அதன் காரணம் பற்றி அறிஞரிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. 1990-களின் நடுவில் தற்கொலை விகிதத்தில் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு அது. கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. விகிதம் மூன்றில் ஒன்றளவுக்கு இறங்கிற்று. விளைச்சல் குறையவில்லை.

நீரிழிவைப் பற்றி நம்மவர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை பொருநைக் கரையில் மூன்று வேளையும் அரிசிதான். அல்வாவை நான் பழிக்க வரவில்லை; ஊரார் என்னை விடமாட்டார்கள்.

மாணவர்கள் இடறும் ஓரிடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தாழ்ந்தபின், அண்மை ஆண்டுகளில் மெல்ல ஏறி வருகிறது. நாடு சீர்கெட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. பிள்ளைகள் நிறைந்த வீட்டையும் முதியோர் நிறைந்த வீட்டையும் ஒப்பிட்டால், இரண்டாம் வீட்டிலேயே சாவு மிகுதி. மக்கள் நீண்டு வாழ்ந்து முதியோர் பெருகும்போது இவ்விகிதம் ஏறத்தான் செய்யும். ஆகையால், வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்த பின்னரே ஏற்றம் இறக்கம் பேசவேண்டும்.

வயது, காரணம் இரண்டும் ஏட்டில் ஒழுங்காக ஏறினால்தான் அவ்வாறு பிரிக்கவும் இயலும். நம் நாட்டில் 2020-ல் பதிவான மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கே மருத்துவர் எழுதிய காரணம் இருந்தது. முன்சீப் காலத்துக் 'காய்ச்சல்' போய், இப்போது 'மாரடைப்பு' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கேட்டால், மூச்சு நின்றுவிட்டது என்பார்கள். எவர்க்குத்தான் நிற்கவில்லை? வீட்டில் இறப்பு நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். கடைசி நோயில் கவனித்த மருத்துவர் இருந்தால், மரணத்தின் காரணத்தை எழுதித் தருவது அவர் கடமை. அதற்குக் கட்டணம் இல்லை. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அச்சான்றின் படி ஒன்று நெருங்கிய உறவினர்க்கும் தரப்படவேண்டும். கேட்டு வாங்கி, முன் என்ன நோய் இருந்தது என்ற வரி நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.