முதல் திங்கட்கிழமை

தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் 45 வயதுக்காரர்கள் இன்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.எஃப். ஓய்வூதியம் 58 வயதில் தொடங்கும். சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுத்தால் மாதத் தொகை. ஆனால் 2014-இல் வைத்த வரம்புப்படி, 60,000 ரூபாய் வாங்குபவருக்கும் பொதுவாகக் கணக்கில் வருவது 15,000தான். 14 வருடம் உழைத்தவருக்கு மாதம் 3,000 ரூபாய். மளிகைக்கே காணாது! அதனால், வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் அந்த வருடங்களும் போய்விடும். பழைய கணக்கைப் புதியதோடு சேருங்கள். மீதிக்குத் தனிச் சேமிப்பு வேண்டும், இப்போதிருந்தே.

பணம் போக, பொழுதும் இருக்கிறதே! அலுவலகம் இல்லாத முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு என்ன செய்வீர்கள்? இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள்.