வெளிறிய பவளமும் இன்னும் ஓராண்டும்

வானொலி மறையுரை: தவக்காலம் மூன்றாம் ஞாயிறு, 23 மார்ச் 2025
வாசகங்கள்: விடுதலைப் பயணம் 3:1-8, 13-15, 1 கொரிந்தியர் 10:1-6, 10-12, லூக்கா 13:1-9



சென்ற ஆண்டு மே மாதம் நான் ஒரு கடல் பயணம் போய்வந்தேன். எங்கள் திருவண்ணாமலைப் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம். கணவர் வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர்களுடைய திருமண வெள்ளிவிழாவுக்கு இராமேஸ்வரத்தில் ஒரு நாள் முழுவதும் தனிப் படகு எடுத்து, பிள்ளைகளோடு பாய்மரத்தில் போய், தண்ணீருக்குள் பவளப்பாறை பார்க்கத் திட்டமிட்டார்கள். "நீங்களும் வாங்க ஃபாதர்" என்றார்கள். நான் தயங்கினேன். மலையடிவாரத்தில் வாழ்கிறவன்; எனக்கு நீச்சல் தெரியாது. அதோடு, "சாமியாருக்கு உல்லாசப் படகு கேட்கிறதா?" என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயமும் இருந்தது. பிறகு மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்த சீடர்களைச் சற்று ஓய்வெடுக்கச் சொல்லி, தனிமையான இடத்துக்குப் படகில் அழைத்துப் போனவர் ஆண்டவரே. ஆகவே நானும் படகேறினேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குள் போவதில்லை. கரையோரம் அவை வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. நாங்கள் போனது இராமேஸ்வரம் தீவின் வடகரையில், பாக் விரிகுடாப் பக்கம். கோடையில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளித்துக்கொண்டிருக்கும். வடபக்கம் குளம் மாதிரி அமைதியாக இருக்கும். படகுக்காரர் தங்கச்சிமடம் பக்கத்துக் கத்தோலிக்கர், நாற்பது வயதிருக்கும். கரையைத் தாண்டியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாயை விரித்தார். சத்தம் அடங்கியது. தண்ணீர் படகின் அடியில் உரசும் ஒலி மட்டும் கேட்டது. பிள்ளைகள்கூடப் பேசவில்லை.

பவளப்பாறைக்கு மேல் படகு நின்றது. மிதவை உடுப்பு மாட்டினோம். மூச்சுக் குழாயும் முகக்கண்ணாடியும் தந்தார்கள். படகுக்காரர் என் கண்ணாடியை வாங்கி, உள்ளே கொஞ்சம் எச்சில் தொட்டுத் தேய்த்து, கடல் தண்ணீரில் அலசிக் கொடுத்தார். அப்போதுதான் ஆவி படியாதாம். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பார்வையற்றவருக்கு ஆண்டவர் செய்தது நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இறங்குவதற்கு முன் அவர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்: "எங்கயும் காலை ஊண்டிறாதீக, சாமி. அது கல்லு இல்ல, உசிரு."

இன்றைய முதல் வாசகத்தில், எரிந்தும் தீய்ந்துபோகாத முட்புதரை நெருங்கிய மோசேயிடம் கடவுள் காலணியைக் கழற்றச் சொல்கிறார்; அவர் நின்ற இடம் புனிதமானது. அந்த வாசகத்தை நான் முப்பது ஆண்டுகளாகப் பீடத்தில் வாசித்து வருகிறேன். அண்ணாமலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடக்கும் நம் இந்துச் சகோதரர்களையும் ஒவ்வொரு பௌர்ணமியும் பார்க்கிறேன். ஆனாலும் அந்த வாசகத்தை என் காலுக்கே யாரோ சொன்னது போல உணர்ந்தது அன்றுதான்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். மேலிருந்து பார்த்தபோது வெறும் பச்சைத் தண்ணீர். உள்ளே ஓர் ஊரே இருந்தது. மஞ்சள் கோடு போட்ட சின்ன மீன்கள் கூட்டமாகத் திரும்பின. ஒரு கிளி மீன் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. அந்தக் கறுமுறுச் சத்தம்கூடக் காதில் விழுந்தது. அதற்கு அப்பால் மான்கொம்பு போலக் கிளைவிட்ட பவளங்கள். அவற்றில் பெரும்பகுதி வெள்ளை வெளேரென்று இருந்தது, திருவிழாவுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கோயில் சுவர் மாதிரி. அடியிலிருந்து ஒளி வருவது போல் தோன்றியது.

மேலே வந்து குழாயைக் கழற்றியதும், "எவ்வளவு அழகான வெள்ளை! எவ்வளவு தூய்மை!" என்றேன்.

படகுக்காரர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைச் சுருட்டியபடி மெதுவாகச் சொன்னார்: "அது அழகு இல்ல, சாமி. வெளிறிப் போயிக் கெடக்கு. காய்ச்சல்ல கெடக்குற பிள்ளை மாதிரி."

அவர் படகில் ஆராய்ச்சியாளர்களும் போவதுண்டு. அவர்களிடம் கேட்டதையும், தன் தாய் சொன்னதையும் சேர்த்து எனக்கு விளக்கினார். அவருடைய தாய் கடற்பாசி எடுத்தவர். இந்தக் கரையில் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுப்பார்கள். பாரின் நிறம் மாறினால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல. ஆயிரமாயிரம் சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் கட்டிக்கொண்ட கூட்டு வீடு அது. உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அந்தச் சிற்றுயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. பவளம் அதற்கு இடம் தருகிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, பவளத்துக்கு வேண்டியதில் பெரும்பங்கைத் தருகிறது. நாம் பார்க்கும் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியின் கொடைதான். கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நீடித்தால் போதும். வெப்பம் தாங்காத பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு தெரிகிறது. அதைத்தான் நான் தூய்மை என்று புகழ்ந்தேன். உலகம் முழுவதும் பல கடல்களில் பவளம் இப்படி ஒரே காலத்தில் வெளிறுவது 1998-இல் நடந்தது; 2010-இல் நடந்தது; 2014 முதல் 2017 வரை நடந்தது. நான்காவது முறை நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் நான் அந்தத் தண்ணீரில் முகம் வைத்தேன்.

"அப்போ இதெல்லாம் செத்துவிட்டதா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல, சாமி. உசிரு இருக்கு, சாப்பாடுதான் இல்ல. காத்து மாறி, மழை வந்து, தண்ணி குளுந்துச்சுன்னா திரும்ப நெறம் ஏறும். நாள் தள்ளிப் போச்சுன்னா மேல அழுக்குப் பாசி படிஞ்சிரும். அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்பார்ந்தவர்களே, இன்றைய நற்செய்தியின் அத்திமரம் இதுதான். மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த உரிமையாளர் வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளர் இன்னும் ஓராண்டு கேட்கிறார்; சுற்றிலும் கொத்தி எரு போடுவதாகச் சொல்கிறார். மரம் சாகவில்லை. இலையோடு நிற்கிறது; தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நல்ல மரம்தான். கனி தேடி அருகில் வருபவருக்குத்தான் வெறுமை தெரியும். அதற்குத் தவணை உண்டு. ஆனால் அந்தத் தவணைக்கு ஒரு முடிவும் உண்டு.

அன்று மாலை தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் புயல் அழித்த ஊர் அது. இடிந்த கோயிலின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அருகில் போய்த் தொட்டுப் பார்த்தால் அதிலுள்ள கற்கள் பவளக் கற்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் கோயிலுக்கும் கடலிலிருந்து பவளத்தைத்தான் வெட்டி எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். அவற்றில் இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு மேல் இல்லை. சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்ததே அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். 2001-இல்தான் பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுக் காவல் கிடைத்தது. முன்னோரைக் குற்றம் சொல்ல இதைக் கூறவில்லை. அவர்களுக்கு அது கல்லாகத்தான் தெரிந்தது. நமக்கு அது உயிர் என்று தெரியும். தெரிந்த பிறகு நம் கணக்கு வேறு. திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் எழுதிய சுற்றுமடலின் 41-ஆம் எண்ணில் பவளப்பாறைகளின் அழிவைப் பற்றித் தனியே கேள்வி எழுப்பியிருக்கிறார். அவருக்காகவும் இன்று செபிப்போம்.

ஊர் திரும்பியபின், அந்தக் கடல் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கடல் எங்கே, நம் மலை எங்கே?

நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எந்தப் புயலும் வலிமை பெறுவது சூடான கடல்நீரிலிருந்துதான். மறுநாள், டிசம்பர் 1, அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின் மேல் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். கடல் நம் மலைக்கே வந்துவிட்டது. ஊரில் பலர் கேட்டார்கள்: "யார் செய்த பாவம் இது?" என்னிடமும் கேட்டார்கள். அதே கேள்விக்கு ஆண்டவர் இன்றைய நற்செய்தியில் பதில் தருகிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர். இறந்தவர்களின் பாவத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, உயிரோடு இருக்கும் நாம் மனம் மாற வேண்டும் என்பதே அவர் சொல்வது.

இங்கே நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். மண்சரிவுக்குப் பின் பத்து நாட்கள் நாங்கள் அடிவாரத்தில் ஓடியாடி உழைத்தோம். அரிசி, போர்வை, மருந்து எல்லாம் கொடுத்தோம். வேறொரு தெருவில், வீட்டுக்குள் சேறு புகுந்ததால் உறவினரின் ஒற்றை அறையில் ஒதுங்கியிருந்த ஒரு மூதாட்டியிடம், "கிறிஸ்துமஸ் முடிந்ததும் வந்து பார்க்கிறேன்" என்றேன். கிறிஸ்துமஸ் வந்தது; பொங்கல் வந்தது; பங்கு ஆண்டுக் கணக்கு, சுற்றுச்சுவர் வேலை. பூசை ஒன்றுகூடத் தவறவில்லை. அங்கியும் வெள்ளையாகத்தான் இருந்தது. பிப்ரவரி கடைசியில் போனபோது அவர் என்னைப் பார்த்து, "வரேன்னு சொன்னீங்களே ஃபாதர், அதான் பகல்ல கதவைத் தாழ்போடுறதே இல்ல" என்றார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் படகுக்காரரின் சொல் எனக்குப் புரிந்தது. வெளியே வெண்மை, உள்ளே உணவு தருகிற உறவு போய்விட்டது. பவளம் பாசியைத் தள்ளிவிட்டது போல, நான் எனக்கு உயிர் தந்தவர்களையே தள்ளிவிட்டு, வேலைகளை மட்டும் வைத்திருந்தேன். குருவானவருக்கு மட்டுமல்ல, குடும்பத் தலைவருக்கும் இது வரும். வீட்டுக்குப் பணம் தவறாமல் போகும், பேச்சு இருக்காது. ஞாயிறு பூசைக்கு முன்வரிசை. அண்ணன் தம்பிக்குள் பத்து ஆண்டுகளாக முகமுழி இல்லை. பார்ப்பவர்கள், "எவ்வளவு ஒழுங்கான குடும்பம்" என்பார்கள்.

அக்டோபரில் அந்தப் படகுக்காரரிடம் தொலைபேசியில் கேட்டிருந்தேன். "பாதிக்கு மேல நெறம் திரும்பிருச்சு, சாமி. மிச்சம் போயிருச்சு" என்றார். அந்த இரண்டு பங்கையும் நான் மறக்க விரும்பவில்லை.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் நான்கு வாரங்கள் இருக்கின்றன. கொத்தி எரு போட அது போதும். இந்த வாரமே ஒருவரைப் போய்ப் பாருங்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாத வீடு ஒன்று உங்களுக்கும் இருக்கும். இந்தக் கோடையில் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள், உடைத்து எடுக்காதீர்கள், கடையில் விற்றாலும் வாங்காதீர்கள். படகுக்காரருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்; அவர் சொல்வதையும் காதுகொடுத்துக் கேளுங்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள். தலைகுனியாதவருக்கு மேல்தண்ணீர் மட்டும்தான் தெரியும்.

செபிப்போம்: எரியும் புதரில் மோசேயை அழைத்த இறைவா, எங்கள் வெளித்தோற்றத்தைக் கண்டு ஏமாறாதவரே, எங்களுள் வெளிறிப்போன அன்புக்கு மீண்டும் நிறம் தாரும். மலையடிவாரத்தில் உயிர் நீத்தவர்களுக்கு இளைப்பாற்றி அளியும். கடலில் உழைப்போரையும், கடலில் நீர் வைத்த உயிர்களையும் காத்தருளும். நீர் தரும் இந்தத் தவணையை வீணாக்காத மனத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.