விசா விலக்கும் பயண முன்னனுமதியும்



எங்கள் ஊர் தேவனாம்பட்டினம், கெடிலம் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்தது. 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கிருந்த கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவில் விழுகிறதோ அதுவரையுள்ள நிலமும் அவர்களுக்கு உரியது என்பது ஏற்பாடு. அவ்வாறே சுட்டனர், குண்டு விழுந்த இடம் எல்லையாயிற்று. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் அதன் நினைவே என்பர்.

அன்று எல்லை கண்ணுக்குத் தெரிந்தது. இன்றோ, வெளிநாட்டின் எல்லை நம் ஊர் விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. என் நண்பர் ஒருவர் இதனை அனுபவத்தில் கண்டார்.

நண்பர் புதுச்சேரிக்காரர். புதுச்சேரி 1954 நவம்பர் 1-ஆம் நாள் இந்தியாவின் நிர்வாகத்திற்கு வந்தது; 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படி இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்புவோர் அதனைத் தெரிவிக்க அப்போது ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. அவ்வாறு தெரிவித்த தமிழ்க் குடும்பங்களுள் நண்பர் குடும்பமும் ஒன்று. பிரெஞ்சுக் குடிமக்கள் அமெரிக்காவுக்கு விடுமுறைப் பயணம் செல்லத் தொண்ணூறு நாள் வரை விசா வேண்டுவதில்லை. நண்பரும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். சென்னையில் விமான நிறுவன ஊழியர் அவரை ஏற்ற மறுத்துவிட்டார்.

காரணம் யாது? விசா விலக்கு வேறு. அனுமதி விலக்கு வேறு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கா தன் விதிகளை இறுக்கியது. 2009 ஜனவரி 12 முதல், விசா வேண்டாதவரும் 'எஸ்டா' என்னும் முன்னனுமதியைக் கணினி வழியே பெற்றாக வேண்டும். அது பொதுவாக ஈராண்டு செல்லும். நண்பரும் பெற்றிருந்தார், எட்டு மாதம் எஞ்சியும் இருந்தது. ஆனால் இடையில் கடவுச்சீட்டைப் புதுப்பித்துவிட்டார். அனுமதியோ பழைய கடவுச்சீட்டின் எண்ணோடு பிணைக்கப்பட்டது. சீட்டு மாறியதும் அனுமதியும் மாண்டது. பேரனின் பிறந்த நாளுக்கு அவரால் போய்ச் சேர இயலவில்லை.

இம்முறையை ஆஸ்திரேலியா 1996-லேயே தொடங்கியது. கனடா 2016-இல் கொணர்ந்தது. பிரிட்டன் 2025 ஏப்ரல் 2 முதல் ஐரோப்பியரிடமும் முன்னனுமதி கேட்கிறது. இந்தியராகிய நமக்கும் இதனை ஒத்ததொன்று உண்டு. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு முப்பது நாள் விசா விலக்கு அளித்தது. ஆயினும் சேருமுன் மூன்று நாளுக்குள் வருகைப் படிவத்தைக் கணினியில் நிரப்ப வேண்டும் என்றது. அப்படிவத்திற்குக் கட்டணமில்லை. அரசுத் தளம் போலவே தோன்றும் தனியார் தளங்கள் அதற்கும் பணம் பறிப்பதுண்டு.

ஆதலின் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பயணச்சீட்டு வாங்குமுன் அந்நாட்டு அரசின் தளத்தை நீங்களே படியுங்கள். இரண்டாவது, பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுதுங்கள். பள்ளிப் பதிவேட்டில் 'சு. முருகன்' என்றெழுதிப் பழகியவர் நாம். தந்தை பெயர் குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஓர் எழுத்தோ எண்ணோ பிழைபட்டாலும் அனுமதி பயன்படாது போகலாம். மூன்றாவது, முன்னனுமதி விமானம் ஏறுவதற்கே உரிமை தரும். உள்ளே விடுவதா என்பதை அந்நாட்டு அதிகாரியே முடிவு செய்வார்.

பிறர் வீட்டுக்குச் செல்லும்போது வாயிலில் நின்று குரல் கொடுப்பது நம் வழக்கம். கதவு திறந்திருப்பினும் அவ்வாறே செய்கிறோம். நாடுகளுக்கிடையிலும் அம்முறையே நிற்கிறது என்று அறிந்து, ஆயத்தமாகப் புறப்படுவீர்களாக.