கூச்சம் தெளிந்த குரல்

பஞ்சதந்திரம் கேட்டு வளர்ந்த நமக்கு விலங்குகள் பேசுவது புதுமையன்று. 2016-இல் வெளிவந்த 'சிங்' என்னும் அமெரிக்கச் சித்திரப் படத்தில் அவை பாட்டுப் போட்டியிலும் கலந்துகொள்கின்றன. கடனில் மூழ்கிய தன் நாடக அரங்கை மீட்க, பஸ்டர் மூன் என்னும் கோலா, ஆயிரம் டாலர் பரிசு அறிவிக்கிறது. முதிய செயலாளரின் தட்டச்சுப் பிழையால் இரு சுழிகள் கூடி, அது இலட்சம் டாலராகிவிடுகிறது! ஊரே திரண்டு வருகிறது. பின்னர் அரங்கம் இடிகிறது, பரிசும் இல்லையென்றாகிறது. ஆயினும் இடிபாடுகளிடையே அவை பாடுகின்றன. கூச்சத்தால் மேடையில் வாய் திறவாதிருந்த மீனா என்னும் இளம் யானை, அன்றுதான் மனம்விட்டுப் பாடுகிறது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களிலும் இத்தகைய கூச்சம் உண்டு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அங்கே வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் குழந்தை, இரண்டிலும் பிழை நேருமோ என அஞ்சி வாய்மூடி நிற்பதுண்டு. 1957-இல் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலைவிழாவில் தமிழ்ச் செய்யுள் ஒப்புவித்தலும் ஒரு போட்டியாகும். அதில் பரிசு சிலருக்கே கிட்டும்; அவையஞ்சாமையோ மேடையேறிய அனைவருக்கும் கிட்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் நாமும் தமிழ்ச் சங்க விழாக்களில் நம் குழந்தைகளை மேடையேற்றுவோம். 'ழ'கரம் பிசகினால் நகையாதிருப்போம். திருத்தம் பிறகு செய்யலாம். முதலில் குரல் எழட்டும்.