லேப்டாப் சாகவில்லை, தோழர்களே!

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே!

இன்றைய வகுப்புக்கு விஷயம் கம்ப்யூட்டர் என்று அறிவித்ததும், முன்வரிசையில் இரண்டு தோழர்கள் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள். பரவாயில்லை, திரும்பி வருவார்கள். அவர்களுடைய கிராஜுவிடிக் கணக்கும் அந்த யந்திரத்துக்குள்தான் இருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாடு சர்க்கார் 2011-ம் ஆண்டில் மாணவர்களுக்கு இலவசமாக லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதல்லவா? நம் காரியாலயத்தில் இருப்பது அந்த வகை. விவசாயத் தொழிலாளி ஒருவரின் மகள் பள்ளியில் பெற்றது. படிப்பு முடிந்ததும் சங்கத்துக்குக் கொடுத்தார். மூடப்பட்ட மில்லில் யார் எந்த ஆண்டு சேர்ந்தார், கடைசிச் சம்பளம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று மூன்று மாதம் வீடு வீடாக அலைந்து எழுதிய ஜாபிதா முழுவதும் அதில் இருந்தது. லேபர் ஆபீசில் தாக்கல் செய்ய வேண்டிய நாளுக்கு முந்திய மாலை பொத்தானை அமுக்கினோம். கறுப்புத் திரை! "அப்படி ஒரு பகுதி இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே "கிரப் ரெஸ்க்யூ" என்று இரண்டு வார்த்தை. வேறொன்றும் இல்லை.

கடைக்கு எடுத்துப் போனோம். "டிஸ்க் செத்துவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைக்காரர் நமக்கு எதிரி அல்ல. அவரும் தவணைக்குச் சரக்கெடுத்து விற்கிறவர்தான். ஆனால் அவர் சொன்னது தவறு. ஜாபிதாவுக்கு இன்னொரு பிரதி எடுத்து வைக்காதது நம் தவறு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

கிரப் என்றால் என்ன? மில்லில் காலை ஷிப்டு எப்படி ஆரம்பமாகிறது என்று நினைத்துப் பாருங்கள். முதலில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிறார். அவருக்கு நூற்பு தெரியாது. மேஸ்திரி எந்த லயனில் குடியிருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அவரை எழுப்புகிறார். மேஸ்திரி வந்து ஆட்களை யந்திரத்தில் நிறுத்துகிறார். லேப்டாப்பிலும் இதே கதைதான். பழைய யந்திரங்களில் டிஸ்கின் முதல் 512 பைட்டுகள்தான் கேட். ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும் எழுத்து அது. அதில் 446 பைட்டு வாட்ச்மேனுக்கு. 64 பைட்டு டிஸ்க் எத்தனை பகுதியாகப் பிரிந்திருக்கிறது என்ற கணக்குக்கு. மீதி 2 பைட்டு முத்திரை. வாட்ச்மேனும் மேஸ்திரியும் சேர்ந்ததுதான் கிரப். அவர்கள் எழுப்புகிற பெரிய வேலையாள் லினக்ஸ்.

அன்று என்ன ஆயிற்று? நம் இளந்தோழர் ஒருவர் இடம் போதவில்லையென்று, காலியாகக் கிடந்த ஐந்தாம் பகுதியை அழித்திருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். லயன் வீட்டு வரிசையில் ஐந்தாம் வீட்டை இடித்தால் ஆறாம் வீட்டுக்கு ஐந்து என்று நம்பர் போட்டுவிடுவார்கள் அல்லவா? டிஸ்கிலும் அப்படியே ஆயிற்று. வாட்ச்மேன் பழைய நம்பரைத் தேடிப் போய், "ஆறாம் நம்பரே இல்லை" என்று திரும்பி வந்து நிற்கிறார். வீடும் இருக்கிறது, மேஸ்திரியும் உள்ளே தூங்குகிறார். விலாசம்தான் மாறிப்போயிற்று!

ஆகவே புது விலாசத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும். எல்லாம் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியவை, உச்சரிப்பைச் சொல்கிறோம். முதலில் "எல்எஸ்". டிஸ்கில் உள்ள பகுதிகளின் பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் அதே எல்எஸ் கட்டளையோடு சேர்த்து, கடைசியில் ஒரு சாய்கோடு போட்டுக் கேட்க வேண்டும். முதல் பகுதிக்கு "தெரியாத அமைப்பு" என்று பதில் வந்தது. எங்கள் நெஞ்சு அடைத்துவிட்டது. பிறகுதான் புரிந்தது, அது விண்டோஸ் பகுதி. இந்த அரைகுறை நிலையில் கிரப்புக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஐந்தாவதைக் கேட்டதும் பூட், ஹோம், யூஎஸ்ஆர் என்று பெயர்கள் கொட்டின. கண்டுபிடித்துவிட்டோம்!

அப்புறம் நாலே வரி. "செட் ரூட்" என்று அடித்து, சமக்குறி போட்டு, ஐந்தாம் பகுதியின் பெயர். "செட் பிரிஃபிக்ஸ்", சமக்குறி, அதே பெயர், அதையடுத்து சாய்கோடு பூட், சாய்கோடு கிரப். மூன்றாவது, "இன்ஸ்மாட் நார்மல்". நாலாவது, "நார்மல்". வழக்கமான பட்டியல் திரையில் வந்து நின்றது. லினக்ஸ் எழுந்தது. முதல் வேலையாக ஜாபிதாவைப் பென் டிரைவில் எடுத்தோம்.

இத்துடன் விட்டால் மறுநாள் அதே கறுப்புத் திரைதான்; சொல்லிக் கொடுத்த விலாசம் மின்சாரம் போனதும் மறந்துபோகும். டெர்மினலில் "சூடோ கிரப்-இன்ஸ்டால்" போட்டு, முழு டிஸ்கின் பெயரைக் கொடுக்க வேண்டும். நம்முடையது எஸ்டிஏ. பின்னால் 1, 2 என்று நம்பர் சேர்க்கக் கூடாது. அது பகுதியின் பெயர், டிஸ்கின் பெயர் அல்ல. பிறகு "சூடோ அப்டேட்-கிரப்". எல்எஸ் அடித்தும் எந்தப் பகுதியும் தென்படாவிட்டால் டிஸ்கே கெட்டிருக்கலாம். அப்போது அதில் எதையும் எழுதாதீர்கள். பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, கிடைத்ததைக் காப்பாற்றப் பாருங்கள்.

தோழர்களே, இந்த கிரப்பை 1995-ம் ஆண்டில் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கினார். பின்னர் அது க்னூ திட்டத்தில் சேர்ந்தது. அதன் மூலம் பகிரங்கமானது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிர்ந்து கொடுக்கலாம். இதனால் சோஷலிசம் வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகளின் யந்திரங்களும் இதே லினக்ஸில் ஓடுகின்றன. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திற்று. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், குறைந்தது 4 ஜிபி நினைவகம் வேண்டும். நல்லபடியாக ஓடும் பழைய யந்திரம் ஒரு கம்பெனியின் தேதியினால் குப்பைக்குப் போகிறது. அந்த இலவச லேப்டாப்புகள் பலவற்றில் சர்க்காரே சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தது. எத்தனை வீட்டுப் பரண்களில் அவை தூசி படிந்து கிடக்கின்றன?

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு ஜாபிதாவைத் தாக்கல் செய்துவிட்டோம். பகுதியை அழித்த தோழரே இப்போது வாராவாரம் பிரதி எடுக்கும் பொறுப்பில் இருக்கிறார். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு, பரணில் கிடக்கும் யந்திரங்களைச் சார்ஜருடன் எடுத்து வாருங்கள். டீ குடிக்கப் போன தோழர்கள் இருவரும் அதோ வந்துவிட்டார்கள். அவர்கள் சேர்ந்த தேதி சரியா என்று முதலில் பார்த்துவிடுவோம்.